அம்மாவின் மறதி மகளுக்கும் வருமா? இரத்தம் கொடுக்க முதல் வாசியுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. இரண்டு வருடமாக மறதி. அல்சைமர் என்று கிளினிக்கில் எழுதியிருக்கிறார்கள். அம்மம்மாவும் கடைசிக் காலத்தில் ஆட்களை மறந்திருந்தார். இது பிரசெனிலின் என்ற புரதத்தின் பழுது, தாய்வழியாகக் குடிக்குள்ளேயே, அதாவது வம்சத்துக்குள்ளேயே வரும், எனக்கும் மகளுக்கும் இரத்தம் எடுத்து இந்தியாவுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்னார். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம். முற்பணம் கொடுக்கலாமா?
- களுவாஞ்சிகுடி வாசகி

பதில்: கொடுக்க வேண்டாம், தங்கச்சி.

அம்மாவின் வயதிலேயே விடை இருக்கிறது. பிரசெனிலின் பழுதால் வரும் அல்சைமர் பெரும்பாலும் 30க்கும் 60க்கும் இடையில் தொடங்கிவிடும். அல்சைமர் உள்ள நூறு பேரில் ஒருவருக்குக்கூட இந்த வகை இருக்காது. உங்கள் அம்மாவுக்கு 70இல்தான் தொடங்கியிருக்கிறது. இது வயதோடு வருகிற வழக்கமான வகை. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடும், உண்மைதான். வருமா, வராதா என்று அடித்துச் சொல்கிற இரத்தப் பரிசோதனை இந்த வகைக்குக் கிடையாது.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவதால், நோயும் அப்படித்தான் வரும் என்றால் சனம் நம்பிவிடும். வந்த ஆளுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிரசெனிலின் 1 மரபணு இருப்பது 14ஆம் குரோமோசோமில். அதில் ஒரு பிரதி அப்பாவிடமிருந்து வருகிறது, மற்றது அம்மாவிடமிருந்து. பழுது இருவரில் யாரிடம் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடியும் அதன் கிளையான வயிற்றுவாரும் அதற்குக் கணக்கில்லை.

இன்னொன்று, பிரசெனிலின் கெட்ட புரதம் அல்ல. எல்லோர் உடம்பிலும் அது இருக்கிறது. வேறு புரதங்களை வெட்டுவது அதன் வேலை. மொட்டைக் கத்தியால் மீன் வெட்டினால் துண்டு பெரிதாக விழுமே, அதுபோல, பழுதான பிரசெனிலின் அமிலாயிட் என்ற புரதத் துண்டுகளைக் கொஞ்சம் நீளமாக விட்டுவிடுகிறது. நீளமானவை ஒன்றோடொன்று ஒட்டி மூளையில் படிகின்றன. இவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் அடுத்த தடவை அதே ஆள் ‘பிரசெனிலினை அடக்கும் மாத்திரை’ என்று எதையாவது கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அந்த வெட்டைத் தடுக்க செமகாசெஸ்டாட் என்ற மருந்தைச் செய்து பார்த்தார்கள். குடித்தவர்களின் நிலை இன்னும் மோசமானது, தோல் புற்றுநோயும் கூடியது, 2010இல் நிறுத்திவிட்டார்கள்.

சரி, ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒரு குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை 45, 50 வயதிலேயே மறதி தொடங்கியிருந்தால் மரபணுவைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. அந்த வயதில் மறந்தவரெல்லாம் இந்தக் கணக்கில் வரமாட்டார். கசிப்பு (கள்ளச் சாராயம்), தலையில் பட்ட அடி, பாரிசவாதம் எல்லாவற்றையும் முதலில் கழித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் முதலில் இரத்தம் எடுக்க வேண்டியது நோய் வந்தவரிடம். அவரிடம் எந்த மாற்றம் என்று தெரியாமல் சுகமாக இருக்கும் பிள்ளையைச் சோதித்தால், ‘ஒன்றும் இல்லை’ என்று வருவதற்கும் பெறுமதி இல்லை. பிரசெனிலின் 1இல் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட மாற்றங்களைக் கண்டிருக்கிறார்கள். ‘பொருள் தெரியாத மாற்றம்’ என்றும் அறிக்கை வரலாம். அதை உங்களுக்கு யார் விளக்குவது? கலியாணத் தரகர் விளக்குவார், மாப்பிள்ளை வீட்டில் போய். நோய் வந்தவரிடம் மாற்றம் உறுதியான பிறகும், தன்னைச் சோதிப்பதா வேண்டாமா என்பது வளர்ந்த பிள்ளை தானே எடுக்க வேண்டிய முடிவு. தாயோ மாமனோ எடுப்பதல்ல.

இதைப் பேச முறையான இடம் கொழும்பு மருத்துவ பீடத்தின் மரபியல் பிரிவு. அதற்கு இரவு பஸ் ஏற வேண்டும். இங்கே கிளினிக்கில் டொக்டருக்கு ஒரு ஆளோடு ஐந்து நிமிடம் பேச நேரம் கிடைத்தால் பெரிய காரியம். பையோடு வீடு வீடாக வருபவர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். அவர்களை மட்டும் திட்டி என்ன பயன்?

முற்பணத்துக்கு வைத்த காசில் அம்மாவின் மற்றப் பரிசோதனைகளைப் பாருங்கள். தைரொயிட், பி12, சீனி, சோடியம் பார்த்தார்களா? தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்களா? கிணற்றடியில் வழுக்கி விழுந்து, உள்ளே மெதுவாக இரத்தம் கசிந்தாலும் மறதி வரும், அதைச் சுகப்படுத்தலாம். நித்திரைக் குளிசை, தடிமனுக்குக் கொடுக்கும் சில குளிசைகள், அடிக்கடி சிறுநீர் போவதற்குக் கொடுப்பவை எல்லாம் வயதானவர்களின் மறதியைக் கூட்டும். கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். மேலே சொன்ன பரிசோதனைகளில் ஒன்றும் எழுதியிருக்காவிட்டால் அடுத்த திகதிவரை காத்திராமல், பாமசியில் தனியாக வாங்கியதையும் சேர்த்து எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, அம்மாவோடு போய்க் கேளுங்கள். ‘வயது போனால் இப்படித்தான்’ என்றால் எழும்பி வராதீர்கள்.