இருமவும் பயம், மாத்திரை போடவும் பயம்

கேள்வி: வலது நுரையீரலில் ஒரு பகுதியை அகற்ற எனக்கு ஆபரேஷன் நடந்து 12 நாள் ஆகிறது. வயது 54. வீட்டுக்கு அனுப்பும்போது பாராசிட்டமாலும், வலி அதிகமானால் போட்டுக்கொள்ள டிரமடாலும் எழுதிக் கொடுத்தார்கள். டிரமடால் பழக்கமாகிவிடும் என்று படித்ததிலிருந்து அதைத் தொடவே பயமாக இருக்கிறது. என் அண்ணன் குடிக்கு அடிமையாகி நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் இருமினால் உயிர் போகிறது. இரவில் தூக்கமே இல்லை. அடிமையாகாமல் வலியைச் சமாளிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் "இருமினால் உயிர் போகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். டிரமடாலுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் இருமலைப் பேசிவிடலாம்.

கால் முறிந்தால் கட்டுப் போட்டு அசையாமல் வைத்துவிடலாம். நெஞ்சுக்கு அந்த ஓய்வு கிடையாது. நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை அது விரிந்து சுருங்கியே ஆக வேண்டும். உங்களுக்கு நடந்தது போன்ற ஆபரேஷனில் விலா எலும்புகளுக்கு நடுவே வழி செய்துகொண்டுதான் உள்ளே போக முடியும். ஒவ்வொரு விலா எலும்பின் அடிப்பக்கத்தை ஒட்டியும் ஒரு நரம்பு ஓடுகிறது. கருவி உள்ளே போகும்போது அது நசுங்கும், இழுபடும். சின்னத் துளை வழியாகச் செய்தாலும் அந்த நரம்பு முழுக்கத் தப்புவதில்லை. அதிகம் வலிக்கும் அறுவைச் சிகிச்சைகளில் ஒன்று என்று நெஞ்சு ஆபரேஷனைச் சொல்வது இதனால்தான். உங்களுக்குப் பொறுமை போதவில்லை என்று நினைத்து மனம் குறுக வேண்டாம்.

வலித்தால் உடம்பு தானாகவே மேலோட்டமாக மூச்சு விடும், இருமலை அடக்கிக்கொள்ளும். நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள சின்னச் சின்னக் காற்றறைகள் காற்றில்லாமல் சுருங்கிப் போகும். சளி வெளியே வராமல் தேங்கும். அதில் கிருமி வளர்ந்தால் நிமோனியா. ஏற்கெனவே ஒரு பகுதியை இழந்த நுரையீரல் இந்த அடியைத் தாங்கச் சிரமப்படும். நடக்காமல் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மாத்திரையின் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். வலி துளியும் இல்லாமல் இருப்பதற்காக அதைத் தரவில்லை. நீங்கள் ஆழமாக மூச்சு இழுக்க வேண்டும், இருமிச் சளியைத் துப்ப வேண்டும், எழுந்து நடக்க வேண்டும், அதற்காகத் தருகிறார்கள். வலிக்கு 10க்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பதைவிட "நன்றாக இரும முடிகிறதா, இரவில் சேர்ந்தாற்போல் சில மணி நேரம் தூங்க முடிகிறதா?" என்று கேட்பதையே நான் நம்புகிறேன். உங்களுக்கு இரண்டுக்குமே பதில் 'இல்லை'. அப்படியானால் இப்போது நீங்கள் எடுக்கும் மருந்து போதவில்லை.

சரி, பயத்துக்கு வருவோம். 'அடிமை' என்ற ஒரே சொல்லில் நாம் மூன்று வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நாளாக ஆக அதே அளவு மருந்து வலிக்கு முன்போல் வேலை செய்யாமல் போவது ஒன்று. சில வாரம் தொடர்ந்து எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் மூக்கு ஒழுகல், கொட்டாவி, வியர்வை, வயிற்றுப்போக்கு, இருப்புக்கொள்ளாமை என்று வருவது இன்னொன்று. இவை இரண்டும் யார் உடம்பிலும் நடக்கக்கூடியவை. படிப்படியாகக் குறைத்தால் அடங்கிவிடும். மூன்றாவதுதான் நீங்கள் பயப்படுவது. வலி இல்லாதபோதும் மனம் அதையே தேடும், அளவு கையை மீறும், கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாது. இருமுவதற்காக ஒரு மாத்திரை போடுவது இந்த மூன்றாவதில் சேராது.

அதற்காக 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லி உங்களை அனுப்பிவிடவும் மாட்டேன். மருத்துவ உலகமே அந்தத் தவறைச் செய்திருக்கிறது. 1980இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் ஒரே ஒரு பத்தி அளவுக் கடிதம் வந்தது. மருத்துவமனையில் டிரமடால் போன்ற அபின் வகை வலி மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேருக்குத்தான் அடிமைத்தனம் பதிவாகியிருந்தது என்று அதில் இருந்தது. மருத்துவமனைக்குள் கொடுத்ததைப் பற்றிய அந்தச் சின்னக் குறிப்பை, வீட்டில் மாதக்கணக்கில் எடுப்பதற்கும் சான்றாகப் பலர் மேற்கோள் காட்டினார்கள். பின்னால் அந்த நாட்டில் பலர் இந்த மருந்துகளுக்கு அடிமையாகி மாண்ட பெரும் துயரத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. 2017இல் அதே நாட்டில் 36,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வில், அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் தாண்டியும் சுமார் 6 சதவீதம் பேர் இந்த மருந்தை வாங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர்கள் எல்லாரும் அடிமையானவர்கள் என்று பொருள் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பெரிய ஆபரேஷனா, சின்ன ஆபரேஷனா என்பதால் இந்த எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. புகை, குடி, மனச்சோர்வு, பதற்றம், முன்பே இருந்த நாள்பட்ட வலி, இவைதான் வித்தியாசத்தை உண்டாக்கின.

அதனால் உங்கள் அண்ணன் விஷயம் முக்கியம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. வெட்கப்படாமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொன்னால் மருந்தே தரமாட்டார்களோ என்று நினைக்க வேண்டாம். குறைந்த நாளுக்கு எழுதுவார்கள், அடிக்கடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள். மாத்திரைப் பட்டை உங்கள் தலைமாட்டில் இல்லாமல் வீட்டில் நம்பிக்கையான ஒருவர் கையில் இருக்கட்டும், பூட்டி வைத்து எடுத்துத் தரட்டும். மிச்சத்தை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம், மருந்துக்கடையில் கேட்டு ஒப்படைத்துவிடுங்கள். உங்கள் அண்ணன் அதே வீட்டில் இருந்தால் இது இன்னும் அவசியம்.

இனி அன்றாடத்துக்கு. பாராசிட்டமாலை வலி வந்தபின் தேடாதீர்கள், எழுதிக் கொடுத்த இடைவெளியில் கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம் உச்ச வரம்பு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. உடல் எடை 50 கிலோவுக்குக் கீழ் இருந்தாலோ, கல்லீரல் கோளாறு இருந்தாலோ இன்னும் குறைவு. டிரமடாலையும் பாராசிட்டமாலையும் சேர்த்தே செய்த மாத்திரைகள் உண்டு. உங்கள் பட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள், தெரியாமல் இரட்டை அளவு போய்விடும்.

டிரமடாலை, மூச்சுப் பயிற்சிக்கோ நடைக்கோ ஒரு மணி நேரம் முன்னால் போட்டால் மருந்து வேலை செய்யும் நேரமும் உங்களுக்குத் தேவையான நேரமும் ஒன்றாகும். இருமும்போது ஒரு தலையணையைத் தையலோடு சேர்த்து இறுக்கி அணைத்துக்கொள்ளுங்கள். எளிய விஷயம்தான், ஆனால் பாதி வலியைத் தலையணையே வாங்கிக்கொள்வதுபோல் இருக்கும். டிரமடாலால் மலச்சிக்கல் வரலாம். மற்றப் பக்கவிளைவுகள் பழகினாலும் இது பழகாது, அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். குடியும் தூக்க மாத்திரையும் இதோடு சேரவே கூடாது, மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகும். வலிப்பு நோய் இருந்தாலோ மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தாலோ டிரமடால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கட்டாயம் சொல்லுங்கள். இது பயமாக இருக்கிறதே என்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரகம், வயிற்றுப்புண், ரத்தம் உறையாமைக்கான மருந்து என்று பல சிக்கல் இருக்கிறது. இதய பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு அந்த வகையே அந்தச் சமயத்தில் கூடாது.

குறைக்கும்போது டிரமடால்தான் முதலில் போக வேண்டும், பாராசிட்டமால் கடைசியில். எத்தனை நாளில், எப்படி என்பதை இன்றே கேட்டுத் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு தேதி கையில் இருந்தால் பயம் பாதி இறங்கிவிடும். வலி குறைந்த பிறகும் மனம் பதறுகிறது, தூக்கம் வரவில்லை என்பதற்காகக் கை அந்த மாத்திரைக்குப் போனால், அதுதான் சொல்ல வேண்டிய தருணம். மறைக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. தழும்பு ஆறிய பின்னும் சட்டை பட்டால் எரிகிறது, மின்சாரம் பாய்வதுபோல் சுண்டுகிறது, மார்பில் ஒரு பட்டை மரத்துக் கிடக்கிறது என்றால் அது நரம்பு வலி. நெஞ்சு ஆபரேஷன் ஆனவர்களில் கணிசமானவர்களுக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அதற்கு டிரமடாலைக் கூட்டிக்கொண்டே போவது சரியான வழி இல்லை. நரம்பு வலிக்கென்றே வேறு மருந்துகள் இருக்கின்றன. வலி மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

திடீரென்று மூச்சுத் திணறினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காய்ச்சல் அடித்தாலோ, தையலில் சீழ் வைத்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம். எழுப்பினாலும் எழ முடியாத தூக்கமும் மிக மெதுவான மூச்சும் மருந்து அதிகமானதன் அறிகுறி. அந்த நிலையில் உங்களால் யாரையும் கூப்பிட முடியாது. அதனால் இந்தப் பத்தியை மட்டும் வீட்டில் இருப்பவர்களிடம் இன்றே படித்துக் காட்டுங்கள்.