நாலு நாற்காலி

கேள்வி: நிருபர், அரசு அதிகாரி, பத்திரிகை ஆசிரியர், தூதர் என்று எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்தவர் குல்தீப் நய்யார். அப்படி ஒருவர் இன்று ஏன் இல்லை?

பதில்: நாற்காலி என்று வாயைக் கிளறிவிட்டீர்கள். என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. முட்டுக் கொடுத்திருப்பது அரசு செய்திக்குறிப்புகள். வழுவழுப்பான நல்ல தாள். உள்ளே சரக்கு இல்லாததால் அழுத்தினால் அழகாகப் படியும். தினமும் ஒரு கட்டு வருகிறது, தட்டுப்பாடே கிடையாது. ஆட்சி மாறும்போது மட்டும் சில நாள் ஆடும். புது அமைச்சர்கள் வந்து திறப்புவிழாக்களை ஆரம்பித்ததும் நின்றுவிடும்.

நய்யார் அந்தக் குறிப்புகளைக் கொடுக்கும் பக்கத்தில் இருந்தவர். உள்துறை அமைச்சராக இருந்த பந்த்துக்கும், பிறகு சாஸ்திரிக்கும் செய்தி அதிகாரி. எதை எந்த இடத்தில் அமுக்குவார்கள் என்று அப்படிப்பட்டவருக்குத்தான் தெரியும். 1966 ஜனவரியில் சாஸ்திரி இறந்த இரவு தாஷ்கண்டில் இருந்தார். நெருக்கடி நிலையில் சிறைக்குப் போனார். 1987-ல் பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.கியூ. கானைப் பேசவைத்து, எங்களிடம் குண்டு இருக்கிறது என்கிற தொனியில் வார்த்தையை வரவழைத்தார். பேட்டி லண்டன் ‘அப்சர்வர்’ இதழில் வந்தது. 1990-ல் அதே லண்டனுக்கு இந்திய ஹை கமிஷனர்! அந்தப் பதவியை நான் பெரிதாக நினைக்கவில்லை. கானிடம் வாயைப் பிடுங்கியதுதான் வேலை.

நீங்கள் கேட்காத ஒருவரைச் சொல்கிறேன்: பி.ஜி. வர்கீஸ். 1966-லிருந்து இந்திரா காந்திக்குத் தகவல் ஆலோசகர். 1969-ல் ‘ஹிந்துஸ்தான் டைம்ஸ்’ ஆசிரியர். சிக்கிமை இந்தியா தன் பக்கம் இழுத்தபோது, அங்குள்ள மலைச் சிகரத்தைக் கூப்பிட்டு ‘கஞ்சன்ஜங்கா, இதோ வருகிறோம்’ என்று நக்கலாகத் தலைப்பிட்டு எழுதினார். யாருக்கு ஆலோசனை சொன்னாரோ அந்த அம்மாவின் அரசுக்கே குட்டு! 1975-ல் வேலை போயிற்று. அதே ஆண்டு மகசேசே விருது வந்தது. நம் ஊரில் இரண்டும் ஒன்றாக வருவது நியாயம்தான்.

இன்று ஏன் இல்லை என்கிறீர்கள். அரசுப் பக்கம் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஐயா. திரும்பி வந்து எழுதுகிறவர்கள்தான் அபூர்வம். என் பழைய சகா ஒருவர், ஒருகாலத்தில் ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’ என்று யாராவது எழுதினால் ‘எந்த வட்டாரம், ஆரம் எவ்வளவு?’ என்று கேட்டு அழவைப்பார். இப்போது ஓர் அமைச்சரிடம் செய்தித் தொடர்பாளர். என் போனை எடுப்பதில்லை. குறிப்பு மட்டும் தவறாமல் அனுப்புகிறார். ஒற்றுப்பிழைகளுக்குச் சிவப்பு மையால் சுழி போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். போன வாரம் பதினொன்று இருந்தது.