நாய் தும்மினால் எந்தப் பக்க மூக்கு என்று பாருங்கள்

கேள்வி: விளையாடும்போது மட்டும் தும்முகிறது, டாக்டர். சளியா?

இல்லை. "இது சண்டையில்லை, விளையாட்டு" என்று நாய் சொல்லும் விதம் அது. மருந்து வேண்டாம்.

கேள்வி: நேற்று புல்வெளியில் ஓடிவிட்டு வந்ததிலிருந்து ஓயாத தும்மல். வலது மூக்கைக் காலால் தேய்க்கிறது.

புல் கதிரின் முள் ஏறியிருக்கலாம். அதன் சுணைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் உள்ளே நகருமே தவிர வெளியே வராது. இரண்டு நாளில் தும்மல் தணிந்தால் சரியாகிவிட்டது என்று நம்பாதீர்கள். அப்படி நம்பி மூன்று வாரம் விட்ட நாய் ஒன்று, ஒரு பக்கம் மட்டும் நாறும் சீழோடு என்னிடம் வந்தது. மயக்கம் கொடுத்து, கேமரா விட்டு எடுத்தபோது விரல் நீளப் புல், கறுத்து அழுகிப்போய் வந்தது. நீங்கள் இடுக்கி போடாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியை மூக்கருகே பிடியுங்கள்: இரண்டு பக்கமும் ஆவி படிகிறதா? ஒரு பக்கம் படியாவிட்டால் அங்கே அடைப்பு.

கேள்வி: பதினொரு வயது. இடது மூக்கில் மட்டும் ரத்தம்.

இந்த வாரமே காட்டுங்கள். ஒரு பக்கத் தொல்லை என்றால் காரணமும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும்: மேல் கோரைப்பல் வேரில் சீழ், கட்டி, அல்லது ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை. பூஞ்சை என்றால் மூக்கு நுனியின் கருமை வெளுக்கும். உண்ணிக் காய்ச்சலிலும் மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

கேள்வி: நமது சளி மாத்திரையில் பாதி தரலாமா?

கூடாது. பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும், இப்யூபுரூஃபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், சூடோஎஃபெட்ரின் இதயத்தைத் தாறுமாறாக ஓடவைக்கும்.

கேள்வி: நான் பல வருடமாகத் தருகிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

உங்கள் நாய் தப்பியது அளவினால். மாத்திரை பாதுகாப்பானது என்பதற்கு அது சான்றாகாது. நாய் ஐந்து கிலோவா, நாற்பதா என்று மாத்திரைக்குத் தெரியாது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு யாராவது குட்டிக்குக் கொடுத்துவிடுவார்களே என்றுதான் பதறுகிறேன்.

கேள்வி: மாத்திரை வேண்டாம், மூக்கடைப்புச் சொட்டு மருந்து?

அதுவும் வேண்டாம். அதை நக்கிய நாய்க்கே இதயத் துடிப்பு விழும்.

கேள்வி: குழந்தைகள் சிரப்?

மூன்றாவது முறை சொல்கிறேன், மனிதர் மருந்து எதுவும் வேண்டாம். சைலிடால் என்ற இனிப்பூட்டி கலந்திருந்தால், ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் விழுந்துவிடும்.

கேள்வி: கழுத்தை நீட்டி, மூச்சை உள்ளே இழுத்து 'கர்ர்' என்கிறது.

அது தலைகீழ்த் தும்மல். தொண்டையை மெதுவாகத் தடவுங்கள், நின்றுவிடும். அடிக்கடி வந்தால் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி: பூனை தும்மினால்?

அங்கே முதல் சந்தேகம் வைரஸ். பூனை பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குட்டி, தடுப்பூசி போடவில்லை. தும்மல், கண்ணில் பீளை, சாப்பிடவில்லை.

இப்போதே கிளம்புங்கள். டிஸ்டெம்பர் என்ற தொற்றும் வைரஸ் நோயாக இருக்கலாம். மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வையுங்கள்.

கேள்வி: புல் பற்றிக் கேட்டவன், டாக்டர். கண்ணாடியில் வலது பக்கம் ஆவியே படியவில்லை.

நாளைக் காலையிலேயே அழைத்துப் போங்கள். மயக்கம் கொடுக்க நேரலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் தராதீர்கள். தண்ணீர் மட்டும் வைக்கலாம்.