பிரேக்கரை மாற்றுவதா, ஒயரை மாற்றுவதா?

கேள்வி: குளியலறை லைனில் ஒரு வாஷிங் மெஷின் இருக்கிறது. அதே லைனில் புதிதாக 3000 வாட் கீசர் மாட்டினோம். இரண்டும் சேர்ந்து ஓடினால் கொஞ்ச நேரத்தில் 16 ஆம்பியர் எம்சிபி (சுமை கூடினால் தானாக அணையும் பிரேக்கர்) விழுந்துவிடுகிறது. சுவருக்குள் இருப்பது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். எலக்ட்ரீஷியன், "25 ஆம்பியர் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். எம்சிபி விழாமல் இருக்கும், அவ்வளவுதான். சூடு சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும்.

230 வோல்ட்டில் 3000 வாட் கீசர் ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும். தண்ணீரைச் சூடாக்கித் துவைக்கும் மெஷின் 2000 வாட் என்றால் இன்னொரு 9 ஆம்பியர். ஆக 22. பைப்புக்குள் போகும் 1.5 செம்பு ஒயர் 30 டிகிரி வெப்பத்தில் 17 ஆம்பியர் போலத் தாங்கும். 40 டிகிரியில் அது 15 சொச்சமாக இறங்கிவிடும். அதே பைப்பில் வேறு லைனும் ஓடினால் இன்னும் குறையும். உண்மையைச் சொன்னால், இந்த ஒயருக்கு 16 ஆம்பியர் எம்சிபியே விளிம்பில்தான் நிற்கிறது. ஒயரில் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு (கரண்டை அதனாலேயே பெருக்கினால் வருவதற்கு) ஏற்ப ஏறுவது. 16-லிருந்து 25-க்குப் போனால் சூடு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அதில் ஒயரின் பிவிசி பிளாஸ்டிக் உறை மெல்ல இறுகி விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது.

எம்சிபி காப்பது முதலில் ஒயரைத்தான், கீசரை அல்ல. அதனால் கணக்கு இந்த வரிசையில் போக வேண்டும்: முதலில் கருவி இழுக்கும் ஆம்பியர், அதற்கு மேல் எம்சிபி, அதற்கும் மேல் ஒயரின் தாங்குதிறன். ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்சிசிபி பிரேக்கர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது கரண்ட் கசிவைத்தான் பார்க்கும், கூடுதல் சுமைக்கு விழாது.

சரி, என்ன செய்வது? கீசருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். 2.5 செம்பு ஒயரும் 16 ஆம்பியர் எம்சிபியும் போதும். நான் என்றால் 4 சதுர மில்லிமீட்டரே போடுவேன், பைப்பில் இன்னொரு லைன் சேர்ந்து போகிறதென்றால் கட்டாயம். சுவரை ஒரு முறைதானே உடைக்கப் போகிறீர்கள்! எர்த் ஒயரையும் அதே அளவில் கேளுங்கள். செலவு மிச்சம் என்று அதை மட்டும் மெலிதாக இழுப்பவர்கள் உண்டு. பழைய லைனில் மெஷின் மட்டும் இருந்தால் அதற்கு 10 ஆம்பியர் எம்சிபி போதும்.

ஒயர் வாங்கும்போது தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். உறை தடித்து, செம்பு மெலிந்த சரக்கு நிறைய இருக்கிறது. உறைமேல் அச்சிட்ட அளவைப் படியுங்கள், நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே அளவுக்குச் செம்பு தாங்குமளவு அது தாங்காது.

புது லைன் வரும்வரை, கீசரை அணைத்த பிறகே மெஷினைப் போடுங்கள்.