புல்தரை அணி ஃபுட்சாலுக்குப் போகும்போது

உங்கள் பெண்கள் அணி இதுவரை புல்தரையில்தான் ஆடியிருக்கிறது, அடுத்த மாதம் சர்வதேச இளையோர் ஃபுட்சால் (அணிக்கு ஐந்து பேர் சிறிய, கெட்டித் தரையில் ஆடும் கால்பந்து) போட்டி, பயிற்சி ஆட்டத்தில் பந்தைப் பறிகொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இன்றைக்கே பந்தை மாற்றுங்கள். ஃபுட்சால் பந்து நான்காம் அளவு, 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்பது விதி, அதனால் உள்ளங்காலால் அமுக்கி நிறுத்தி உடனே தள்ளப் பழகினால் பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம் 4 வினாடி. பக்கக்கோட்டு உதை, மூலை உதை, கோலி (கோல்கீப்பர்) பந்தை வைத்திருப்பது எல்லாவற்றுக்கும் அதுதான் கெடு, பயிற்சியில் நீங்களே சத்தமாக எண்ணுங்கள். கோலிக்குத் திருப்பித் தரும் பழக்கத்தையும் நிறுத்தவேண்டும், அவர் விட்ட பந்தை எதிரணி தொடுவதற்குள் சொந்தப் பாதியில் மறுபடி அவருக்கே தந்தால் தவறு.

நான் உண்மையில் பயப்படுவது ஃபவுல்களுக்குத்தான். ஒரு பாதியில் ஆறாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு, நம் ஆட்கள் முன்னால் வரிசையாக நின்று மறைக்கும் தடுப்புச்சுவர் இல்லாத நேரடி உதை, 10 மீட்டர் புள்ளியிலிருந்தே அடிக்கலாம். புல்தரையில் சாதாரணமாகப் போகும் இடிகள் இங்கே கோலாகிவிடும், எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்ல பெஞ்சில் ஒருவரை வையுங்கள்.

ஆள் மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, களைக்கும் முன்பே மாற்றுங்கள். ஆட்ட நேரத்தை மட்டும் அமைப்பாளர்களிடம் கேட்டுவிடுங்கள், இளையோர் போட்டிகளில் அதைக் குறைப்பதுண்டு.

பெண்களால் முடியுமா என்று கேட்கிற பெற்றோருக்கு 2018 புவெனஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக்கில் போர்ச்சுகல் பெண்கள் தங்கம் வென்ற இறுதி ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள்.