நிலத்தடியில் நீரைச் சேமித்து மீளப் பெறுதல்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

மாரியில் குளங்கள் வான் பாய்ந்து நீர் கடலோடு கலப்பதையும், அதே ஆண்டின் ஆவணியில் கரையோரக் கிணறுகள் உவர்ப்பதையும் பார்த்துக்கொண்டே நாம் வாழ்கிறோம். அதனால்தான் வறண்ட நாடுகள் நீரை நிலத்தடியில் வைத்து எடுக்கும் முறை பற்றி இத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நிலக்கீழ் நீர்த்துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இயன்றவரை விரிவாகப் பதில் தருகிறேன்.

குச்சவெளி விவசாயி ஒருவர்: ஐயா, எங்களுக்குக் குளங்கள் இருக்கின்றன. நீரை ஏன் நிலத்துக்குள் இறக்க வேண்டும்?

குளத்தை விட்டுவிடச் சொல்லி எவரும் கேட்கவில்லை. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு மாதங்களில் 60 சென்ரிமீற்றர் உயர நீர் போய்விடும். ஆழமற்ற குளத்தில் அது மிகப் பெரிய பங்கு. நிலத்தடியில் இந்த இழப்பு மிகச் சிறிது. அபுதாபி அரசு லிவா பாலைவனத்தின் மணலுக்கடியில் ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் கனமீற்றர் நன்னீரைச் சேமித்து, 2018இல் அந்த இருப்பைத் திறந்துவைத்தது. அது மழைநீரன்று, பெருஞ்செலவில் உப்பு நீக்கிய கடல்நீர். பத்து இலட்சம் பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 180 லீற்றர் வீதம், 90 நாட்களுக்குப் போதுமான அவசர இருப்பாக அதைத் திட்டமிட்டார்கள்.

கிண்ணியா ஆசிரியை ஒருவர்: அமெரிக்காவின் அரிசோனாவில் தண்ணீருக்கு வங்கி இருப்பதாகப் படித்தேன். அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

அரிசோனா 1980இல் நிலக்கீழ் நீர் முகாமைச் சட்டத்தை இயற்றி, நீர்மட்டம் கடுமையாக இறங்கிய இடங்களை முகாமைப் பகுதிகளாக வகுத்து, அங்கே நீர் இறைப்பதைக் கட்டுப்படுத்தியது. கொலராடோ ஆற்றில் அதற்கு ஆண்டுக்கு 28 இலட்சம் ஏக்கர் அடி உரிமை உண்டு. ஓர் ஏக்கர் அடி ஏறத்தாழ 1,233 கனமீற்றர். அந்த உரிமையை முழுவதும் பயன்படுத்த முடியாதிருந்த காலத்தில், மிஞ்சியதைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து நிலத்தில் இறக்கி வைப்பதற்காக 1996இல் தண்ணீர் வங்கி அதிகாரசபையை அமைத்தார்கள்.

பணம் பல வழிகளில் வந்தது. நிலக்கீழ் நீரை இறைப்போர் ஏக்கர் அடிக்கு இரண்டரை டொலர் கட்டணம் செலுத்தினார்கள். கால்வாய் நீர் பெறும் மூன்று மாவட்டங்களில் சொத்து மதிப்பின் ஒவ்வொரு 100 டொலருக்கும் 4 சதம் வரை வரி விதிக்கப்பட்டது. மாநிலத்தின் பொது நிதியிலிருந்தும் ஒதுக்கீடு கிடைத்தது. அயல் மாநிலமான நெவாடா, தன் பங்கை அரிசோனாவின் நிலத்தடியில் வைத்திருப்பதற்காகத் தனியே பணம் செலுத்தியது. இதில் நான் மிகவும் மதிப்பது, எடுப்பவனே நிரப்புவதற்கும் கொடுக்க வேண்டும் என்ற முதலாவது ஏற்பாட்டைத்தான். இறக்கிய நீர் நீண்டகால வரவாக, அதாவது பின்னர் எடுத்துக்கொள்ளும் உரிமையாக, பதிவாகும்போது பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து பங்கு கழிக்கப்படும். அந்தப் பங்கு எவருக்கும் உரியதாகாமல் நிலத்திலேயே தங்கும்.

மூதூர் மாணவர் ஒருவர்: அந்தத் திட்டத்தில் குறைகள் எவையும் இல்லையா?

உண்டு, தம்பி. இன்று நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதும் அதைப் பற்றித்தான். அங்கே 40 இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல் நீரை நிலத்தில் இறக்கிவிட்டார்கள். ஆனால் அதை எவர், எந்தக் கிணறுகளால், எவருடைய செலவில் மீள எடுப்பது என்பதற்கான கூட்டு மீட்புத் திட்டம் 2014இல்தான் வெளிவந்தது. சேமிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகு! 2021 ஓகஸ்டில் கொலராடோ ஆற்றில் முதன்முறையாக நீர்ப்பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டுக்கான அரிசோனாவின் பங்கில் 5 இலட்சத்து 12 ஆயிரம் ஏக்கர் அடி வெட்டப்பட்டபோது, அந்தக் கேள்விகள் ஏட்டளவில் நிற்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓரிடத்தில் நீரை இறக்கிவிட்டு, அதே முகாமைப் பகுதியின் வேறோர் இடத்தில் இறைத்து அதைச் சேமித்த நீராகக் கணக்குக் காட்டச் சட்டம் இடமளிக்கிறது. கணக்கில் வரவும் செலவும் சரியாக இருக்கும். இறைத்த இடத்தில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே எந்தத் திட்டத்தைக் கண்டாலும், எவ்வளவு இறக்கினீர்கள் என்று கேட்பதற்கு முன், எங்கே எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள்.

நிலாவெளியில் விடுதி நடத்தும் ஒருவர்: எங்கள் கரையோர மணலில் இதைச் செய்யலாமா? உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களில் பவுசரில் தண்ணீர் வாங்குகிறோம்.

செய்யலாம், ஆனால் அரிசோனாவைப் பார்த்து அப்படியே செய்ய முடியாது. அங்கே நீர்மட்டம் மிக ஆழத்தில் இருப்பதால் நிலத்தில் வெற்றிடம் நிறைய உண்டு. உங்கள் மணலிலோ மார்கழியில் கைவாளியால் அள்ளும் அளவுக்கு நீர் மேலே வந்துவிடுகிறது. நீர் மிகுந்திருக்கும்போது நிலத்தில் இடமில்லை, இடம் உண்டாகும்போது நீர் இல்லை. மாரி நீரை அருகிலுள்ள குளத்தில் மறித்து வைத்து, தை, மாசி கழிந்து நீர்மட்டம் இறங்கத் தொடங்கும்போது சிறிது சிறிதாக மணலுக்குள் விடுவதே உங்களுக்குப் பொருந்தும் வழி.

மணலில் எடுக்கக்கூடிய இடைவெளி நூற்றுக்கு இருபது என்று கொண்டால், ஒரு சதுரக் கிலோமீற்றரில் நீர்மட்டத்தை ஒரு மீற்றர் உயர்த்த 2 இலட்சம் கனமீற்றர் வேண்டும். அந்த ஒரு மீற்றர் அற்பமானதன்று: கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், அடியில் ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரை உவர்நீரை அது தள்ளி வைக்கும் என்பது கரையோர நீரியலின் அடிப்படைக் கணக்கு. மணற்படுகை அவ்வளவு ஆழமில்லாத இடங்களிலும் உவர்நீர் உள்ளே வருவதை அது தடுக்கும். எனினும் நன்னீர் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பதால், இது ஒரு பருவத்துக்கான சேமிப்பே. பத்தாண்டுகளுக்கு வைத்திருக்கும் வங்கியன்று.

தென்னாபிரிக்காவின் கரையோர நகரான அட்லாண்டிஸை நான் இதற்கு நல்ல முன்மாதிரியாகக் கருதுகிறேன். அங்கே குடியிருப்புப் பகுதிகளின் மழைநீரையும் சுத்திகரித்த கழிவுநீரையும் மணலுக்குள் இறக்கிப் பின்னர் எடுக்கிறார்கள். தொழிற்சாலைப் பகுதியின் தரங்குறைந்த நீரைக் கடலோரமாக இறக்கி, உவர்நீருக்குத் தடுப்பாகப் பயன்படுத்துகிறார்கள்.

உப்புவெளி இல்லத்தரசி ஒருவர்: கூரை நீரை நேரே கிணற்றுக்குள் விடலாமா?

முதல் மழையை விடாதீர்கள், அம்மா. தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும். அதன் பின்னரும் கல், மணல் இட்ட வடிகுழி வழியாக விடுங்கள். மலசலகூடக் குழிக்கு அருகில் அந்த வடிகுழியை அமைக்க வேண்டாம். குழாய்க்கிணற்றுக்குள் ஒருபோதும் நேரே விட வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து உள்ளூராட்சிப் பணியாளர் ஒருவர்: இத்தகைய திட்டத்துக்கு நிதி கேட்கும்போது எதை எழுத வேண்டும்?

குழி வெட்டவும் அணை கட்டவும் பணம் தருவோரை ஓரளவு எளிதில் காணலாம். அடுத்த ஆண்டு அந்தக் குழியைச் சுரண்டித் துப்புரவாக்க எவரும் தருவதில்லை. கலங்கல் நீரின் வண்டலும் பாசியும் மணலின் மேல் படிந்து அடைத்துவிடும். காயவிட்டு, மேற்படையைச் சுரண்டாவிட்டால், நாளொன்றுக்கு அரை மீற்றர் உறிஞ்சிய குழி கொசு வளர்க்கும் குட்டையாகும். நான் முன்பு கண்ட ஒரு திட்டம், திறப்பு விழா நடந்து இரண்டு மாரி முடிவதற்குள் அவ்வாறுதான் போயிற்று; பராமரிப்புக்கென்று ஒரு ரூபாவும் ஒதுக்கப்படவில்லை என்பதைக் கண்டு மிகவும் வருந்தினேன்.

ஆகவே மூன்று செலவுகளைத் தனித்தனியே எழுதுங்கள். கட்டுவது ஒன்று, ஆண்டுதோறும் துப்புரவாக்கி நீரைப் பரிசோதிப்பது மற்றொன்று, மீள எடுக்கும் கிணறு, பம்பி, மின்சாரம் ஆகியன மூன்றாவது. முதலாவதை மட்டும் மானியத்தில் கேளுங்கள். மற்றவற்றை விடுதிகள், பெரிய தோட்டங்கள் போன்று அதிகமாக இறைப்போரிடம் சிறு கட்டணமாகப் பெற்று, வேறெதற்கும் எடுக்க முடியாத தனிக் கணக்கில் வையுங்கள். உங்கள் பகுதியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களே அயல் கிணறுகளை நிரப்பிக்கொண்டிருக்கின்றன. வாய்க்கால்களுக்குக் கொங்கிறீற் போடும் திட்டம் வந்தால், அந்தக் கிணறுகளுக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்து மதிப்பிடுமாறு கேளுங்கள்.

குச்சவெளி இளைஞர் ஒருவர்: பணம் வரும்வரை நாங்கள் என்ன செய்யலாம்?

ஊரில் பத்துக் கிணறுகளைத் தெரிவு செய்து, ஒவ்வொன்றின் கட்டிலும் ஓர் அடையாளம் இடுங்கள். கிழமைக்கு ஒரு நாள், காலையில் எவரும் நீர் அள்ளுவதற்கு முன், அந்த அடையாளத்திலிருந்து நீர்மட்டம் வரை அளவு நாடாவால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவி கிடைத்தால், உவர்ப்பையும் பக்கத்திலே குறியுங்கள். ஐப்பசியில் தொடங்கினால் அடுத்த ஐப்பசியில், நிலத்தில் எந்த மாதம் எவ்வளவு இடம் உண்டாகிறது என்பது உங்கள் கையில் இருக்கும். அந்தக் கொப்பியை எனக்கு அனுப்புங்கள், தம்பி. குழியை எங்கே வெட்டலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.