உறுப்பு மாற்றியவருக்கு ஃபிட்ஸ் வந்தால்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

உறுப்பு மாற்று வார்டில் மருந்துகளைக் கவனிக்கிற கிளினிக்கல் பார்மசிஸ்ட் நான். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ஆனால் எதைப் படித்தாலும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரல் மாற்றிப் பத்தாவது நாள் திடீரென்று ஃபிட்ஸ். இதற்கு முன்னால் வந்ததே இல்லை. மூளையில் கட்டி ஏதாவது இருக்குமா சார்?

உடனே கட்டி வரைக்கும் போக வேண்டாம். ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் வருகிற ஃபிட்ஸுக்கு வேறு காரணங்கள்தான் அதிகம். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மாதிரி புது உறுப்பை உடம்பு தள்ளாமல் காக்கிற மருந்துகளே சிலருக்கு மூளையைத் தொந்தரவு செய்யும். கை நடுக்கம், தலைவலி, தூக்கமின்மை, கொஞ்சம் குழப்பமான பேச்சு என்று முன்னாலேயே அடையாளம் காட்டியிருக்கும், கூட இருப்பவர்கள் ஆபரேஷன் களைப்பு என்று விட்டிருப்பார்கள். அதோடு பிரஷரும் ஏறினால் மூளையின் பின்பகுதியில் நீர் கோத்துக்கொண்டு கண் மங்கி ஃபிட்ஸ் வரலாம். இதை பிரெஸ் என்பார்கள். எம்ஆர்ஐயில் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிரஷரை இறக்கி, அந்த மருந்தைக் குறைத்தோ மாற்றியோ கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது. சோடியம், சர்க்கரை, மக்னீசியம் எல்லாம் பார்ப்பார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பு என்பதால் மூளையில் கிருமித் தொற்று இல்லை என்று உறுதிசெய்ய முதுகுத்தண்டில் நீர் எடுக்கக் கேட்டால் பயப்படாமல் சம்மதியுங்கள்.

கேள்வி: அண்ணனுக்குக் கிட்னி மாற்றி இரண்டு வருடம். ஊரில் ஃபிட்ஸ் வந்து பக்கத்து ஆஸ்பத்திரியில் எப்டாயின் ஊசி போட்டு, அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி அனுப்பினார்கள். தொடரலாமா?

இன்று வந்த கேள்விகளில் நான் ரொம்பக் கவலைப்படுவது இதற்குத்தான். எப்டாயின் என்பது ஃபெனிட்டாயின். அவசரத்துக்கு அந்த ஊசி போட்டது தப்பில்லை, ஓயாத ஃபிட்ஸை நிறுத்துவதுதான் அந்த நேரத்தில் முக்கியம். பிரச்சினை அதைத் தினமும் தொடர்வதில் இருக்கிறது. ஃபெனிட்டாயின், கார்பமசெபின், ஃபெனோபார்பிடோன் என்ற ஃபிட்ஸ் மருந்துகள் மூன்றுமே கல்லீரலில் மருந்தை உடைக்கிற நொதிகளை முடுக்கிவிடும். டாக்ரோலிமஸை அதே டோஸில் விழுங்கிக்கொண்டே இருப்பார், ஆனால் ரத்தத்தில் அதன் அளவு நாளுக்கு நாள் இறங்கும், வெளியில் ஒன்றும் தெரியாது, ஒருநாள் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஏறி நிற்கும்போதுதான் உடம்பு கிட்னியைத் தள்ள ஆரம்பித்தது தெரியவரும். அதற்காக நீங்களாக எப்டாயினை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினாலும் ஃபிட்ஸ் வரும். இன்றைக்கே கிட்னி மாற்றிய டாக்டருக்கு போன் செய்து, டாக்ரோலிமஸ் அளவு பார்க்க வேண்டுமா, வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் லெவெடிரசெட்டத்துக்கு மாற்றுவார்கள். எப்டாயினை நிறுத்திய பிறகு டாக்ரோலிமஸ் அளவு திரும்ப ஏறும், அதனால் அடுத்த சில வாரமும் டெஸ்ட் தேவைப்படும். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் பர்ஸிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லெவெடிரசெட்டம் ஆரம்பித்ததிலிருந்து கணவர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். மருந்தா, மனசா?

மருந்தாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது அம்மா. சிலருக்குக் கோபம், எரிச்சல், மனச்சோர்வு வரும். டாக்ரோலிமஸோடு மோதாது என்பதால் எங்களுக்குப் பிடித்த மருந்துதான், ஆனாலும் வீட்டில் நிம்மதி போனால் அதைச் சொல்லியே ஆக வேண்டும், லக்கோசமைட் மாதிரி வேறு வழிகள் இருக்கின்றன. வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி பேசினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப் போங்கள். இன்னொன்று, லெவெடிரசெட்டம் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும், கிட்னி வேலை குறைந்திருந்தால் டோஸையும் குறைக்க வேண்டும். கடைசி கிரியேட்டினின் ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஃபிட்ஸுக்கு வால்ப்ரோயேட் மாத்திரை கொடுக்கலாமா?

கல்லீரல் மாற்றியவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், அது கல்லீரலையே பாதிக்கக்கூடியது. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் கூடியவரை வேண்டாம், கருவைப் பாதிக்கும்.

கேள்வி: டாக்ரோலிமஸ் அளவு ஒரு தடவை கூடுதல், அடுத்த தடவை குறைவு என்று மாறி மாறி வருகிறது. லேப் தப்பா?

முதலில் ரத்தம் கொடுத்த நேரத்தைப் பாருங்கள். காலை எட்டு மணிக்குக் காபியோடு மாத்திரையைப் போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு லேபில் கை நீட்டினால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். நாளுக்கு இரண்டு வேளை மாத்திரை சாப்பிடுபவர் முந்தைய இரவு டோஸுக்கு 12 மணி நேரம் கழித்து, காலை டோஸுக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைக் கையோடு எடுத்துப் போய் ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தாலும் அளவு ஏறும், நிறைய பேருக்கு இது தெரியாது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைத் தொற்று மருந்தும் அளவை ஏற்றும், டிபி மருந்தான ரிஃபாம்பிசின் இறக்கும். கிரேப்ஃப்ரூட்டும் பம்ளிமாஸும் வேண்டாம். அப்புறம் ஒன்று, அளவு சரியாக இருந்தும் சிலருக்கு நரம்புத் தொந்தரவு வருவதுண்டு, ரிப்போர்ட் நார்மல் என்று நடுக்கத்தைச் சொல்லாமல் இருக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் ஃபிட்ஸ் வந்தால் கையில் இரும்பு கொடுக்கலாமா?

வேண்டாம், அதனால் ஃபிட்ஸ் நிற்காது, கையைக் கிழிக்கும். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வைத்து, மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. இதற்கு முன் ஃபிட்ஸே வராதவர் என்றால் ஐந்து நிமிடமும் பார்க்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். நின்றுவிட்டாலும் உறுப்பு மாற்றியவர்களை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

கேள்வி: ஃபிட்ஸ் மாத்திரை வாழ்நாள் முழுக்கவா?

காரணத்தைப் பொறுத்தது. மருந்தின் அளவு ஏறியோ சோடியம் இறங்கியோ ஒரு தடவை வந்து, அது சரியாகி, எம்ஆர்ஐயும், மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் இஇஜியும் தெளிவாக இருந்தால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மெதுவாகக் குறைத்து நிறுத்துவார்கள். பக்கவாதமோ தொற்றோ மூளையில் தழும்பு விட்டிருந்தால் நீண்ட காலம் தேவைப்படும். அடுத்த முறை நியூராலஜிஸ்ட்டிடம், எதற்காக ஆரம்பித்தோம், எப்போது நிறுத்தப் பார்க்கலாம் என்ற இரண்டையும் நேராகவே கேளுங்கள்.